போக்சோ பயிற்சியில் உண்மையில் என்ன கற்றுத்தர வேண்டும்?

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் போலி என்சிசி முகாம் நடத்தி மாணவிகளிடம் அத்துமீறிய வழக்கு வெளியே வந்தது. முகாம் நடத்தியவரோடு அது நிற்கவில்லை. தெரிந்தும் போலீசுக்குச் சொல்லவில்லை என்று பள்ளி முதல்வரும் தாளாளரும் கைதானார்கள். இப்படி ஒரு வழக்கு வெடிக்கும்போதெல்லாம் ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடி பணியாளர்களுக்கும் ‘போக்சோ பயிற்சி’ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் பற்றிய பயிற்சி) என்ற அறிவிப்பும் பின்னாலேயே வரும். ஒரு மண்டபம், ஒரு பேனர், ஒரு வழக்கறிஞர், மதியச் சாப்பாடு. போய்விட்டு வந்தவர்களுக்குப் பிரிவு எண்கள் நினைவிருக்கும். ஆனால் மறுநாள் ஒரு பிள்ளை அருகில் வந்து நின்று வாயைத் திறந்தால் என்ன சொல்வது என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது.

இந்தப் பயிற்சி யாருக்கு, எதற்கு, அதில் என்ன இருக்க வேண்டும், ராமநாதபுரம் கடலோரம் போன்ற இடத்தில் அது எப்படி மாற வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

‘உதவுபவர்’ என்றால் யார்?

பாதிக்கப்பட்ட குழந்தைக்கு உதவுவது மனநல ஆலோசகரின் வேலை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு நீண்ட சங்கிலி:

1. குழந்தை முதலில் சொல்லும் ஆள். பெரும்பாலும் அம்மா, ஆசிரியை, தோழி, சில சமயம் கிராம சுகாதாரச் செவிலியர்.
2. தகவலைப் பெறும் இடம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, உள்ளூர்க் காவல் நிலையம் அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையம்.
3. குழந்தைகள் நலக் குழு. இளைஞர் நீதிச் சட்டத்தின்படி ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும். குழந்தையைப் பாதுகாப்பது குறித்து உத்தரவிடும் அதிகாரம் இவர்களுக்கு உண்டு.
4. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. சமூகப் பணியாளர்களும் ஆற்றுப்படுத்துநர்களும் (மனநல ஆலோசகர்கள்) இங்கேதான் இருக்கிறார்கள்.
5. பரிசோதிக்கும் மருத்துவர்.
6. ஆதரவு நபர். வழக்கு முடியும்வரை குழந்தையின் பக்கத்தில் இருப்பவர்.
7. சிறப்பு நீதிமன்றம், அரசு வழக்கறிஞர்.

இதில் மூன்றாவதிலிருந்து ஏழாவது வரை உள்ளவர்கள் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில் இருப்பவர்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். எந்தப் பிள்ளையும் அவ்வளவு தூரம் பஸ் பிடித்துப் போய் முதல் வார்த்தையைச் சொல்லப்போவதில்லை. ஆகவே பயிற்சியின் எடை முதல் கண்ணியில்தான் விழ வேண்டும். நடைமுறையிலோ மிகக் குறைவாகப் பயிற்சி பெறுவது அந்த முதல் கண்ணிதான்.

சட்டம் கேட்பது கொஞ்சம்தான், ஆனால் கட்டாயமாகக் கேட்கிறது

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழுள்ள எல்லோரும் குழந்தைகள், ஆண் பிள்ளைகளும் சேர்த்துத்தான். 19-ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்ச இடமிருந்தாலோ போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 21-ஆவது பிரிவு பாயும்: ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். கிருஷ்ணகிரியில் பள்ளி நிர்வாகம் சிக்கியது இந்தக் கடமையில்தான்.

ஆசிரியர்கள் வழக்கமாகக் கேட்கும் எதிர்க்கேள்வி, “பொய்யா இருந்தா?” என்பது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது சிவில், கிரிமினல் எந்த வழக்கும் நிற்காது என்று அதே 19-ஆவது பிரிவு சொல்கிறது. உண்மையா பொய்யா என்று விசாரிப்பது தகவல் தருபவரின் வேலையே இல்லை. இந்த ஒரு வரியைப் புரியவைத்தாலே பயிற்சியின் பாதி முடிந்தது. ஏனென்றால் நம்மூரில் நடக்கும் சேதத்தில் பெரும்பங்கு, நல்ல மனது கொண்டவர்கள் ‘முதல்ல நாம உறுதி பண்ணிக்குவோம்’ என்று இறங்குவதால் வருவது.

முதல் பத்து நிமிடம்

அப்படி இறங்கினால் என்ன ஆகும் என்பதை உலகம் ஒரு பெரிய வழக்கில் பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு. 1983-இல் புகார் எழுந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் பேட்டி எடுத்தார்கள். பேட்டி எடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல, குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று துடித்தவர்கள். ஆனால் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டார்கள், ‘மற்ற பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்’ என்று தூண்டினார்கள். 1990 வரை இழுத்த வழக்கில் ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. எது நடந்தது, எது கேள்வியால் உருவானது என்று பிரிக்கவே முடியாமல் போனது. குழந்தையிடம் கேட்பது தனியாகக் கற்க வேண்டிய கைத்திறன் என்று உலகம் ஒப்புக்கொண்டதில் அந்த வழக்குக்கு முக்கியப் பங்கு உண்டு. 1990-களில் அமெரிக்கத் தேசியக் குழந்தை நல ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு நேர்காணல் நெறிமுறையை உருவாக்கினார்கள். அதன் சாரம் எளிது: குழந்தையைப் பேசவிடு, திறந்த கேள்வி மட்டும் கேள், விடையை நீ கொடுக்காதே.

இதை நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருவோம். தங்கச்சிமடம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை, பள்ளி விட்டும் வீட்டுக்குப் போகாமல் கொடிமரத்தடியில் பையோடு நிற்கிறாள். ஆசிரியை விசாரிக்கிறார். “அம்மா தீவுக்குப் பாசி எடுக்கப் போயிருக்கு டீச்சர். மாமா வீட்டுல இருக்கச் சொல்லுச்சு. நான் அங்க போகல” என்கிறாள். இங்கிருந்து இரண்டு வழி பிரிகிறது.

தெரியாதவர் கேட்பது: “ஏன், மாமா எதுவும் தப்பா நடந்துக்கிட்டாரா? எங்கயாச்சும் தொட்டாரா? எத்தனை தடவை? அம்மாகிட்ட ஏன் சொல்லல?” நான்கு கேள்வியில் நான்கு கேடு. முதல் இரண்டும் விடையை ஊட்டுகின்றன. மூன்றாவதுக்கு எந்தப் பிள்ளையாலும் துல்லியமாகப் பதில் சொல்ல முடியாது. நாளைக்கு நீதிமன்றத்தில் ‘அன்று மூன்று என்றாய், இன்று ஐந்து என்கிறாய்’ என்று மடக்குவார்கள். நான்காவது, குற்றத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறது.

பயிற்சி பெற்றவர் சொல்வது: “சரிம்மா, உக்காரு. அங்க போக ஏன் பிடிக்கல, உனக்குச் சொல்லணும்னு தோணுனா சொல்லு, நான் கேக்குறேன்.” அப்புறம் பேசாமல் இருப்பார். இந்தப் பேசாமல் இருப்பதுதான் ஆசிரியர்களுக்கு ஆகக் கடினம். பிள்ளை ஒரு வரி சொல்லி நிறுத்தினால் “ம், அப்புறம்?” மட்டும். சொல்லி முடித்தால் “நீ சொன்னது நல்லது. உன்மேல தப்பு இல்ல.” அத்தோடு நிறுத்த வேண்டும். கேட்டவர் கதறுவது, ‘அவனை என்ன பண்றேன் பார்’ என்று கொதிப்பது, முகம் சுளிப்பது எல்லாமே பிள்ளையை உடனே வாயடைக்க வைக்கும். மாமா மீது அவளுக்குப் பாசமும் இருக்கலாம். அவளுக்கு வேண்டியது அது நிற்க வேண்டும், அவ்வளவே.

அடுத்த சிக்கல் ‘யாருகிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்’ என்பது. சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு அன்று மாலையே போலீசுக்குச் சொன்னால் அந்தப் பிள்ளை அதன்பின் எந்தப் பெரியவரையும் நம்பாது. வாக்குக் கொடுத்துவிட்டுச் சொல்லாமலிருந்தால் சட்டத்தை மீறியதாகும், பிள்ளையையும் கைவிட்டதாகும். பயிற்சியில் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டிய வரி இது: “உனக்கு உதவ முடிஞ்சவங்ககிட்ட மட்டும் நான் சொல்லியாகணும். யாருகிட்ட, எப்ப சொல்லப் போறேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்.”

பிறகு எழுத்து வேலை:

1. தேதி, நேரம், இடம், கூட இருந்தவர்கள்.
2. பிள்ளை சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுவது. உடல் உறுப்புக்கு வீட்டில் என்ன பெயர் சொல்கிறார்களோ அதே பெயர். ‘பாலியல் சீண்டல் நடந்ததாகத் தெரிவித்தாள்’ என்று எழுதினால் அது ஆசிரியையின் வாக்கியம், பிள்ளையுடையது அல்ல.
3. நாம் கேட்ட கேள்வியையும் எழுதுவது.
4. சம்பவம் சமீபத்தில் நடந்ததாக இருந்தால் குளிக்க வைக்காமல், அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல், காகித உறையில் போட்டு வைக்கச் சொல்வது. பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். ஏற்கெனவே குளித்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன்.

வீட்டுக்குப் போய்க் குடும்பத்திடம் கேட்டுப் பார்ப்பது இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றே விட்டதுதான். குற்றம் செய்தவர் அந்த வீட்டிலேயே இருக்கலாம். பெரும்பாலான வழக்குகளில் அவர் குழந்தைக்குத் தெரிந்தவராகத்தான் இருக்கிறார்.

கடலோரத்தில் என்ன வேறு?

பெங்களூரிலோ டெல்லியிலோ தயாரித்த பயிற்சிக் கையேட்டை அப்படியே மொழிபெயர்த்து இங்கே நடத்தினால் பாதி பொருந்தாது. காரணங்கள் இவை.

முதலாவது, வீட்டின் அமைப்பு. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் கரைக்கு வருவது வழக்கம். நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாள்கள். அப்பா இரவில் வீட்டில் இல்லை. அம்மா கருவாட்டு வேலைக்கோ, பாசி எடுக்கவோ, மீன் விற்கவோ விடியுமுன் கிளம்புகிறார். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் அப்பா வளைகுடா நாட்டில். இலங்கைச் சிறையில் மாதக்கணக்கில் அப்பா அடைபட்ட வீடுகளும் உண்டு. பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் போவதைத் தாயின் அலட்சியம் என்று படிக்கும் ஆற்றுப்படுத்துநர் முதல் சந்திப்பிலேயே அந்தத் தாயை இழந்துவிடுவார். வழக்கு நிற்க வேண்டுமானால் தாய் கூட நிற்க வேண்டும்.

இரண்டாவது, காலக் கணக்கு. பத்து வயதுப் பிள்ளைக்குத் தேதி தெரியாது. ஆனால் மீன்பிடித் தடைக்காலம் தெரியும், ஏர்வாடி சந்தனக்கூடு தெரியும், கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் படகு போன நாள் தெரியும், அப்பா கடலுக்குப் போன ராத்திரி எது என்று தெரியும். வாக்குமூலம் வாங்கும் காவலருக்கு இந்த நாட்காட்டி தெரிந்திருந்தால் ‘எப்போது’ என்ற கேள்விக்குப் பிள்ளையின் வாயிலிருந்தே பதில் வரும். உறவுமுறையும் அப்படித்தான். ‘மாமா’ என்றால் தாய்மாமனா, அத்தை வீட்டுக்காரரா, பக்கத்துப் படகுக்காரரா? கீழக்கரைப் பிள்ளை ‘காக்கா’ என்றால் அது அண்ணன். வேறு மாவட்டத்திலிருந்து மாறுதலாகி வந்தவருக்கு இதையெல்லாம் பயிற்சியில் சொல்லித்தர வேண்டும், இல்லையென்றால் குற்றப்பத்திரிகையில் ஆளே மாறிப்போகும். மண்டபம் ஊரில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் வளர்ந்த பிள்ளைகளிடம் பேசுபவர்கள், போலீசும் வருவாய்த் துறையும் அன்றாடம் கண்காணிக்கும் ஓர் இடத்தில் ‘புகார்’ என்ற சொல்லே என்ன அச்சத்தைத் தரும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஊர். மீனவக் கிராமத்தில் ஊர்க் கூட்டத்தின் சொல் வலுவானது. கரையில் வலைத் தகராறையும் படகுத் தகராறையும் அதுதான் தீர்க்கிறது, நன்றாகவே தீர்க்கிறது. அதே பழக்கத்தில் இதையும் ‘பேசி முடிக்க’ முயல்வார்கள்: அபராதம், மன்னிப்பு, சில நேரம் திருமணம். போக்சோ குற்றத்தைச் சமரசம் செய்துகொள்ள முடியாது. குடும்பங்கள் சமாதானமாகிவிட்டன என்று ஓர் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ததை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. என் பார்வையில், ஊர்த் தலைவர்கள், ஜமாத் பொறுப்பாளர்கள், பங்குத்தந்தையர் ஆகியோரைப் பயிற்சிக்கு வெளியே வைத்துவிட்டு ஆசிரியைக்கு மட்டும் கற்பிப்பது அவரைத் தனியாகக் கடலில் இறக்கிவிடுவது போலத்தான். அவர் அந்த ஊரில்தான் வாடகை வீட்டில் இருக்கிறார்.

நான்காவது, நோயாகத் தெரியும் துயரம். திடீரென்று இரவில் அலறுவது, படுக்கையை நனைப்பது, வெறித்துப் பார்ப்பது, மயங்கி விழுவது ஆகியவற்றைக் ‘காத்துக் கருப்பு’ என்று எடுத்துக்கொண்டு கோடாங்கியிடமோ தர்காவுக்கோ அழைத்துப் போவது இங்கே வழக்கம். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகியதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. நம்பிக்கை தேடி வருபவர்களைத் திட்டித் திருப்பி அனுப்புவதால் பயனில்லை. அவர்கள் வரும் இடத்தில் ஒரு பயிற்சி பெற்ற கண் இருந்தால் போதும். ஓர் எச்சரிக்கை: இந்த அறிகுறிகள் எதுவும் தனியாக வன்முறைக்குச் சான்று ஆகாது. தேர்வுப் பயத்திலும் வரும், அப்பா குடித்துவிட்டு அடிக்கும் வீட்டிலும் வரும். பட்டியலை வைத்துக்கொண்டு ‘டிக்’ அடித்து முடிவுக்கு வருவதும் பயிற்சிக் குறைபாடுதான்.

போலீஸ், மருத்துவர், நீதிமன்றம்

இவர்களுக்கான விதிகள் சட்டத்திலேயே தெளிவாக இருப்பதால் சுருக்கமாகப் போதும். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் பதிவு செய்ய வேண்டும். இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். எஃப்ஐஆர் இல்லாமலே மருத்துவப் பரிசோதனை செய்யலாம். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். ‘இரு விரல் சோதனை’ என்ற அவலத்தை 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் கண்டித்து நிறுத்தச் சொல்லின. உடலில் காயம் இல்லை என்பது எதுவும் நடக்கவில்லை என்று பொருளாகாது. மருத்துவ அறிக்கையைப் படிக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய உண்மை இது. நீதிமன்றத்தில் இரு தரப்பு வழக்கறிஞர்களும் கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், நீதிபதிதான் குழந்தையிடம் கேட்பார்.

சரி, இவ்வளவும் முறையாக நடந்தாலும் பிள்ளை எத்தனை பேரிடம் திரும்பச் சொல்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியை, தலைமை ஆசிரியர், அம்மா, போலீஸ், மருத்துவர், மாஜிஸ்திரேட்டிடம், பழைய சட்டப் பிரிவின் எண்ணால் இன்றும் ‘164’ என்றே புழங்கும் வாக்குமூலம், கடைசியில் சாட்சிக் கூண்டு. அமெரிக்காவில் 1985-இல் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லிலும், ஐஸ்லாந்தில் 1998-இலும் தொடங்கிய குழந்தை மையங்களின் நோக்கமே இதைச் சுருக்குவதுதான். போலீஸ், மருத்துவர், ஆலோசகர் எல்லோரும் பிள்ளை இருக்கும் ஒரே கூரைக்கு வருவார்கள். நம்மிடம் அந்த ஏற்பாடு இல்லாதவரை, முதல் கேட்பாளர் குறைவாகக் கேட்பதே பிள்ளைக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

ஆதரவு நபர்: காகிதத்தில் இருக்கும் நல்ல ஏற்பாடு

2020-இல் திருத்தி வெளியிட்ட போக்சோ விதிகளின்படி, நலக் குழு ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் ஆதரவு நபரை நியமிக்கலாம். அவர் வழக்கின் நிலையைக் குடும்பத்துக்குச் சொல்வார், நீதிமன்றத்துக்குக் கூடப் போவார், பிள்ளை பள்ளிக்குப் போகிறாளா, தூங்குகிறாளா என்று நலக் குழுவுக்கு மாதந்தோறும் அறிக்கை தருவார். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்தப் பணி ஏட்டளவில் நின்றுவிட்டதைச் சுட்டிக்காட்டி, தக்க காரணத்தைப் பதிவு செய்தாலொழிய நியமனம் கட்டாயம் என்றது; நியமனம், தகுதி, பயிற்சி ஆகியவற்றுக்கு நெறிமுறை வகுக்கச் சொன்னது.

இவருக்கு ஏன் தனிப் பயிற்சி? குழந்தைகள் பின்வாங்குவார்கள் என்பதால். 1983-இலேயே ரோலண்ட் சம்மிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு வரிசையை விவரித்தார்: ரகசியம், செயலற்ற நிலை, அதற்குள் வாழப் பழகிக்கொள்வது, தாமதமாகச் சொல்வது, சொன்னதைத் திரும்பப் பெறுவது. ஐந்தாவது கட்டத்தைத்தான் நம் நீதிமன்றங்கள் ‘பிறழ் சாட்சி’ என்று அன்றாடம் பார்க்கின்றன. ‘உன்னாலதான் மாமா ஜெயில்ல’ என்று பாட்டி அழும் வீட்டில் பிள்ளை என்ன செய்வாள்? அந்த வாரங்களில் வீட்டுக்கு வந்துபோகும் ஒரு நிதானமான ஆள் தேவை. ஆனால் அவர் சாட்சியத்தைச் சொல்லிக்கொடுக்கவும் கூடாது. ‘தைரியமாகச் சொல்லு’ என்பதற்கும் ‘இப்படிச் சொல்லு’ என்பதற்கும் நடுவில் உள்ள கோட்டைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது.

அப்படியானால் நல்ல பயிற்சி எது?

ஒரு முகாமைப் பார்த்தவுடன் அது உருப்படியா என்று சொல்லிவிடலாம். கேட்க வேண்டியவை:

1. பங்கேற்பவர் வாய் திறந்து பேசிப் பழகினாரா? மூவர் மூவராகப் பிரிந்து, ஒருவர் பிள்ளையாக, ஒருவர் கேட்பவராக நடித்து, மூன்றாமவர் எத்தனை விடை ஊட்டும் கேள்வி வந்தது என்று குறித்தாரா?
2. ஆண் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்களா? மீன்பிடித் துறைமுகத்தில் வேலைக்கு நிற்கும் பையன்களை ‘பசங்களுக்கு என்ன’ என்று கடந்துவிடுகிறோம்.
3. பதினேழு வயதுப் பெண் காதலில் சம்மதித்த உடலுறவும் சட்டப்படி போக்சோவில் விழும் என்பதையும், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் அடையாளத்தை அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் போலீசுக்குத் தர வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் விளக்கினார்களா? இல்லையென்றால் பயந்த பெண்கள் போலி மருத்துவர்களிடம்தான் போவார்கள்.
4. இரண்டு மாதம் கழித்து மறுபடி கூடினார்களா?

நான்காவதுதான் முக்கியம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தின் ‘சம்வாத்’ திட்டமும் சென்னையின் ‘துளிர்’ அமைப்பும் இத்துறையில் தொடர்ந்து பயிற்சி தருகின்றன. மூத்தவர் ஒருவர் முன்னால் பெயர் சொல்லாமல் தன் வழக்கை வைத்து ‘இந்த இடத்தில் நான் செய்தது சரியா’ என்று பேசுவதைத்தான் தொழில் மொழியில் மேற்பார்வை என்கிறார்கள். நம் அலுவலகங்களில் அந்தச் சொல்லுக்குக் குறை கண்டுபிடித்து மெமோ கொடுப்பது என்று அர்த்தம் ஆகிவிட்டதால் யாரும் அதை விரும்புவதில்லை. ஆனால் அது இல்லாமல் இந்த வேலையில் நீடிக்க முடியாது. கேட்ட கதைகள் கேட்டவரையும் பாதிக்கும்: தூக்கம் கெடுவது, தன் பிள்ளையை யாரிடமும் விட முடியாமல் போவது, அல்லது எதைக் கேட்டாலும் மரத்துப்போவது. மறைமுக மனக்காயம் என்று 1990 முதல் ஆய்வாளர்கள் இதை விவரித்து வருகிறார்கள். பலவீனம் என்று நினைத்துக்கொண்டு வெளியே சொல்லாதவர்கள்தான் முதலில் வேலையை விட்டுப் போகிறார்கள்.

போவதற்குச் சம்பளமும் ஒரு காரணம். மாவட்ட அலகுகளில் உள்ள ஆற்றுப்படுத்துநர்களும் சமூகப் பணியாளர்களும் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். ஆதரவு நபருக்கான கட்டணம் திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது என்று விதி சொல்கிறது. ஆனால் அந்த அளவோடு நின்றுவிட்டால் நல்ல ஆள் நிலைக்க மாட்டார். பயிற்சி பெற்றவர் கிளம்பியதும் அந்த நாற்காலிக்கு வருபவர் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்குவார். ஆகவே பயிற்சியை ஆண்டுக்கொரு விழாவாக வைக்காமல், ஆள் மாறும்போதெல்லாம் நடக்கும்படி வைக்க வேண்டும்.

ஆண்டில் ஒரே ஒரு முறைதான் முடியும் என்றால் கடலோரத்துக்கு ஏற்ற நேரம் ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு அப்பாக்கள் கரையில் இருக்கும் 61 நாள். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும், அடுத்த சில நாளில் படகுகள் கிளம்பும், வீடுகள் மறுபடி இரவில் ஆளில்லாமல் ஆகும். ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடி பணியாளர்களுக்கும் ஊர்த் தலைவர்களுக்குமான பயிற்சியை அந்த ஜூன் முதல் வாரத்துக்குள் முடித்துவிட்டால், ஊர்க்காரர்களும் ஊரில் இருப்பார்கள், கூட்டத்துக்கும் வருவார்கள்.